சொல்லின் கதை: புதுமை

பள்ளி அறிவியல் கண்காட்சி முதல் செல்போன் விளம்பரம் வரை இன்று எங்கும் 'இன்னோவேஷன்' என்ற சொல்தான். 'புதிய' என்று பொருள்படும் 'நோவுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இது. இன்று பாராட்டு, ஒரு காலத்தில் குற்றச்சாட்டு! 1548-ல் சிறுவனாக இருந்த இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்டின் பெயரில், தேவாலய வழிபாட்டில் இஷ்டம்போல் புதுமை செய்பவர்களை எச்சரித்து அறிக்கையே வெளியானது.

இதற்குத் தமிழில் இப்போது வழங்கும் சொல் 'புத்தாக்கம்'. புது + ஆக்கம். புத்தாண்டு, புத்தாடை, புத்தரிசி எல்லாம் இதே வழியில் வந்தவைதான். 'புதுமை' என்ற சொல்லுக்கு அதிசயம் என்றும் ஒரு பொருள் உண்டு. இயேசு செய்த அற்புதங்களைக் கத்தோலிக்கர்கள் 'புதுமைகள்' என்று சொல்வார்கள்.

அதிசயமாகப் பார்க்கப்படுவதற்கு முன் புதுமைக்கு ஊர் வைக்கும் பெயர், பித்து.

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் கதை இது. சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "நீ எனக்கு அடிமை" என்கிறார். கோபத்தில் சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது, சுந்தரர் தோற்கிறார். வந்தவர் சிவபெருமான்! எப்படிப் பாடுவது என்று திகைத்த சுந்தரரிடம், ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொல்கிறார். வசை, தேவாரமானது.

அதே மாவட்டத்துத் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் சிறுவயதில் படித்தவர் சொ.விருத்தாசலம். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். தந்தைக்குத் தாசில்தார் உத்தியோகம் என்பதால் ஊர் ஊராக மாற்றல். பின்னாளில் எழுத வந்தபோது அவர் வைத்துக்கொண்ட பெயர் 'புதுமைப்பித்தன்'. பிறர் ஏசுமுன் தானே சூட்டிக்கொண்டதுபோல் ஒரு பெயர்.

பெயருக்கேற்றபடியே எழுதினார். 'சாப விமோசனம்' கதையில், கல்லாக இருந்து எழுந்த அகலிகை என்ன நினைத்திருப்பாள் என்று கேட்டார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சிவபெருமானைச் சென்னைக்கு அழைத்து வந்து, சந்தாதாரர் தேடும் ஒரு பத்திரிகைக்காரரின் வீட்டு விருந்தாளி ஆக்கினார். எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை. காசநோயால் 1948-ல், 42 வயதில் இறந்தார். 2002-ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. இன்று தமிழ்ச் சிறுகதை என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அவருடையது.

வீட்டில் ஒரு பிள்ளை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டால், "பைத்தியமா உனக்கு?" என்று வாய் தன்னால் அதட்டிவிடும். அதட்டுவதற்கு முன், அது சொல்ல வந்ததை ஒரு நிமிடம் முழுசாகக் கேட்டுவிடலாம்.