கடலில் கோடு போடுமுன் மீன்குஞ்சைக் கேளுங்கள்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கடலில் ஒரு பகுதியை மூடி, "இங்கே மீன் பிடிக்காதே" என்றால் மீனவர் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே வளரும் மீனால் எனக்கு என்ன லாபம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பிழைப்பை விட்டுக்கொடுப்பவர் அவர்தானே! பதில் சொல்லாமல் கோடு போடுவது சரியல்ல என்பது என் கருத்து.

பதில் சொல்ல இன்று வழி இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த பொடிக்குஞ்சு சில வாரங்கள் நீரோட்டத்தோடு போகும். அதைக் கண்ணால் பின்தொடர முடியாது. ஆனால் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? பிள்ளையின் மரபணுவில் பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. பெரிய மீனின் துடுப்பில் துளி வெட்டி எடுத்து, சுற்றுவட்டாரத்துக் குஞ்சுகளோடு ஒப்பிட்டால் எது யார் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் இப்படிப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே மூடிய பகுதி பவளப்பாறைப் பரப்பில் 28 சதவீதம்தான். ஆனால் 30 கிலோமீட்டருக்குள் வந்து சேர்ந்த களவா, சங்கரா இனக் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி அங்கே பிறந்தவை. மீன் பிடிக்கும் பாறைகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. களவா முட்டையிடக் கூட்டம் சேரும் இடத்தில் ஒரு பகுதியை 2004-ல் மீனவர்களே மூடினார்கள். ஆய்வுக்கு மீன் பிடிக்கவும் அவர்களே உதவினார்கள். குஞ்சுகளில் பாதி 14 கிலோமீட்டருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன என்று 2013-ல் தெரிந்தது. அதாவது, மூடிய ஊருக்கும் பலன், பக்கத்து ஊருக்கும் பலன். அப்படியானால் இந்த மீனுக்கு எங்கோ தொலைவில் ஒரே பெரிய பகுதியை மூடுவதைவிட, ஊருக்கு ஊர் சிறு சிறு பகுதிகளை மூடுவதே பொருத்தம்.

செலவு அதிகம், ஒரு மீனுக்குக் கண்டது இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பீர்கள். உண்மைதான். எல்லா மீனுக்கும் செய்ய வேண்டாம். அந்தக் கரையின் பிழைப்பு எந்த மீனை நம்பியிருக்கிறதோ அதற்குச் செய்தால் போதும்.

நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். காக்க வேண்டிய கடல்தான், சந்தேகமில்லை. அங்கேயும் எல்லை பற்றிப் பேசும்போது அதிகாரியின் வரைபடத்தோடு, குஞ்சு போன வழியும் மீனவரின் அனுபவமும் மேசைமேல் இருக்க வேண்டும். ஆதாரத்தைக் கண்ணால் பார்த்தவருக்குக் காவல் தேவையில்லை, அவரே காவலாக நிற்பார்.

கடற்கரை ஊர்களில் இருக்கும் என் மாணவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? மறுப்பு இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.