தாலுகா கோடும் தாய்மாமன் வீடும்

உதியன்குளங்கரையில் இருப்பவர்கள் மலையாளிகள், களியக்காவிளையில் இருப்பவர்கள் தமிழர்கள், இரண்டும் வேறு வேறு இனம் என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. உதியன்குளங்கரை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு சேர்ந்தது. நடந்தது அவ்வளவுதான். கோடு போட்டவர்கள் தாலுகாவைப் பார்த்தார்கள். யாருடைய தாய்மாமன் வீடு எந்தப் பக்கம் என்று விசாரிக்கவில்லை.

நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் திருவிதாங்கூர் மன்னர் விட்ட அறிவிப்பு, இந்தப் பக்கத்து நாடார்களுக்கும் அந்தப் பக்கத்து நாடார்களுக்கும் ஒன்றேதான். இன்று பாறசாலைப் பிள்ளை மலையாளத்தில் படிக்கிறான், மார்த்தாண்டத்துச் சித்தி மகன் தமிழில் படிக்கிறான். பள்ளிக்கூடம் மாறினால் இனமும் மாறிவிடுமோ?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சாட்சிக்கு இழுக்கிறார் நண்பர். அதில் கேட்பது தாய்மொழியை. இனத்துக்கு அதில் கட்டமே கிடையாது.