நாயனத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

கும்பகோணத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். அதுதான் என் பிழைப்பு. சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, “ஸ்கூல் ஆண்டு விழாவுக்குள்ள ஒரு பாட்டு வாசிச்சிருவானா சார்?” அடுத்தது, டிரினிட்டி கிரேடு எப்போது எழுதலாம் என்பது. பிள்ளை கேட்பது வேறு. ரீல்ஸில் ஓடும் ஒரு பாட்டின் துண்டைப் போனில் போட்டுக் காட்டி, “இது மட்டும் போதும் சார்” என்கிறது. இதைக் கண்டு சலித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சலிப்பில்லை. ஒரு துண்டுப் பாட்டுக்காக ஒரு பிள்ளை கட்டையில் விரல் வைக்க ஆசைப்படுகிறது என்றால் அதுவே நல்ல தொடக்கம். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு வா என்று சொல்லி அனுப்புவேன். அடுத்த வகுப்புக்கு வரும்போது, பல்லவிக்கு முன்னால் வரும் குழல் பிட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு.

ரசனை மாறுவதைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் தாத்தா நாயனக்காரர். அப்பா தவில். தாத்தாவுக்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு மேல் உலகத்தில் எதுவும் இல்லை. அப்பா தனியாக இருக்கும்போது முணுமுணுத்தது விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டுகளைத்தான். நான், இளையராஜா பாட்டுகளை எழுதிய சீட்டையும் காலி கேசட்டையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தவன். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது, “இதுல தோல் வாத்தியத்தையே காணோமே” என்று அப்பா வருத்தப்பட்டார். இப்போது என் மகள் அனிருத் கேட்கிறாள். ஒவ்வொருவர் காதும் அவரவர் காலத்தில் திறந்தது. அதில் எந்தத் தப்பும் இல்லை.

நாயனக்காரர்கள் ஒருநாளும் ஜனங்களின் ரசனைக்கு முகம் திருப்பியவர்கள் அல்லர். ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரே சாகித்தியம் செய்திருக்கிறார். ஊர்வலத்தில் இங்கிலீஷ் நோட்டு கேட்டால் தாத்தா சந்தோஷமாக வாசிப்பார். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து ஒலித்தது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். அந்தப் படங்களின் பாட்டை வாசிக்காமல் கல்யாண வீட்டிலிருந்து கிளம்ப முடியாது என்று அப்பா சொல்வார். இன்றைக்கும் ஒரு நல்ல நாதஸ்வரக் கோஷ்டியிடம் புதுப்பாட்டு கேட்டுப் பாருங்கள். அரை நிமிடம் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்புறம் வாசித்துவிடுவார்கள்.

“இந்தத் தலைமுறைக்கு நம்ம வாத்தியமெல்லாம் பிடிக்காது” என்ற பேச்சை அதனால்தான் நான் ஏற்பதில்லை. பிடிக்கிறதா இல்லையா என்று தெரிவதற்கு முதலில் கேட்டிருக்க வேண்டும். எங்கே கேட்கிறார்கள்? சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று பொழுதுக்கு ஒன்றாக வாசித்த கோயில்கள் பலவற்றில் இன்று தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டுகிறார்கள். மோட்டார் சுற்றுகிறது, முரசும் மணியும் ஜாலராவும் தானாக அடித்துக்கொள்கின்றன. ஒரு குழந்தை அதிலிருந்து எதைக் கற்கும்?

கல்யாணத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் ஒரு ராகத்தை எடுத்து ஆற அமர வாசிக்க இடமிருந்தது. நடுத்தெருவில் நின்று கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். இப்போது சாயங்காலம் முழுவதும் டிஜேக்கும் செண்டை மேளத்துக்கும் போய்விட்டது. செண்டை மேளம் அருமையான கலை, அதை அதன் ஊர்க் கோயிலில் நின்று கேட்டால் உடம்பே அதிரும். அதைக் குறை சொல்லவில்லை. காலையில் வரும் நம் மேளத்தை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்து, தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்ட மட்டும் கையசைத்துக் கூப்பிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். டிஜே சொல்லும் தொகைக்குத் தலையாட்டிவிட்டு நாயனக்காரரிடம் பேரம் பேசுகிறோம்.

அப்படி ஒரு கல்யாணத்தில் என் மாணவி ஒருத்தி, ஏழாம் வகுப்புப் பெண், தவில்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். வலது கையில் அவர் விரல் கூடுகளை மாட்டுவதையும், நாயனக்காரர் சீவாளியை வாயில் ஊறவைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதையும் கவனித்திருக்கிறாள். அடுத்த வகுப்பில் அவள் என்னிடம் கேட்ட கேள்வி: “கீபோர்டுல ஒரு ஸ்தாயிக்குப் பன்னெண்டு கட்டை இருக்கு. நாயனத்துல விரல் வைக்கிறது ஏழே ஏழு ஓட்டை. அப்புறம் எப்படி சார் எல்லா சுரமும் வருது?”

அன்றைக்குப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதையே பேசினேன். கீபோர்டில் காந்தாரத்தின் கட்டையை அழுத்தினால் எந்தப் பிள்ளை அழுத்தினாலும் ஒரே காந்தாரம்தான் வரும். நாயனத்தில் சுரத்தை வாசிக்கிறவரே உண்டாக்க வேண்டும். ஓட்டையைப் பாதி மூடி, கால்வாசி திறந்து, உதட்டால் சீவாளியை அழுத்தி, மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் அது வரும். நாக்கால் காற்றை வெட்டி வெட்டி விடும் துத்துக்காரம் படியவே வெகுகாலம் ஆகும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுக்குக் கட்டை கிடையாது. பிட்ச் பெண்ட் சக்கரத்தை வைத்துக் கிட்டத்தட்டக் காட்டலாம். அது கிட்டத்தட்டத்தான்.

கீபோர்டு தாழ்ந்த வாத்தியம் என்று இதற்குப் பொருளில்லை. என் குடும்பத்துக்குச் சோறு போடுவது அது. ஆனால் தன் காதாலும் மூச்சாலும் சுரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒரு பிள்ளைக்கு ஒருமுறையாவது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படித் தேடிய காது, பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஆழமாகக் கேட்கும், அது அனிருத் பாட்டாக இருந்தாலும் சரி.

அந்தப் பெண்ணுக்கு நாயனம் கற்க ஆசை வந்துவிட்டது. “பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு சார் நாயனம்?” என்றார் அவள் அம்மா. மதுரை பொன்னுத்தாயி கோயில்களிலும் மேடைகளிலும் வாசித்துப் பேர் வாங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. காலீஷாபி மஹபூப், கணவரோடு சேர்ந்து வாசித்து 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர். சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது ‘அவர்கள்’ வாசிக்கும் வாத்தியம் என்ற எண்ணம். இசையை மடியில் வைத்துக் கொண்டாடிவிட்டு இசைக்காரனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தது இந்த ஊர். அப்பாவுக்கு அது நடந்தது, அவர் அதை மறக்கவே இல்லை. என்னைத் தவிலைத் தொட விடாததும் அவர்தான்.

மரியாதை வந்தால் ரசனையும் வரும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த பறையை இன்று கல்லூரிப் பிள்ளைகளும் ஐடி வேலைக்காரர்களும் தேடிப்போய்க் கற்றுக்கொள்கிறார்கள். அதை அவர்கள் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சிலர் தெருவில் இறங்கிப் பாடுபட்டார்கள், அதுதான் நடந்தது.

மயிலாடுதுறை சாலையில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தை வாங்கிக் கடைந்து இன்றும் நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு நல்ல விஷயம். வாங்கி வாசிக்க ஆள் வேண்டும்.

ஆகவே கல்யாணம் நடத்தப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரவேற்பு நேரத்தில் ஒரு மணி நேரம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மேளத்தை மண்டபத்தின் நடுவில் உட்கார வையுங்கள். முதலில் அவர்களுக்குப் பிடித்ததை வாசிக்கட்டும், பிறகு உங்கள் பிள்ளைகள் கேட்கும் சினிமாப் பாட்டை வாசிக்கட்டும். பிள்ளைகளை முன்வரிசையில் தரையில் உட்கார விடுங்கள். எந்தப் பிள்ளையாவது கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் திருவாரூரில் ஒன்று உண்டு. படிப்பு மூன்று ஆண்டு. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். விண்ணப்பம் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாதஸ்வர வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.