வாக்கு ஒரு சாட்சியம்

தேர்தல் மேடைகள் பிரிக்கப்பட்டு, சுவரொட்டிகளின் வண்ணம் மழையில் கரைந்த பின்னரே வாக்கைப் பற்றி அமைதியாகப் பேச முடிகிறது. வேட்புமனுக்கள் தாக்கலாகிவிட்டால், ஆலிம் ஒருவர் எதைக் கூறினும் அது எக்கட்சிக்குச் சார்பானது என்றே செவிகள் ஆராயத் தொடங்கிவிடும். ஆகவே, வாசக நேயர்களே, அந்த ஆரவாரம் இல்லாத இவ்வேளையில் நமது உள்ளூராட்சி மன்றங்களைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

இலங்கையில் 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல், நிதியில்லை என்ற காரணம் கூறப்பட்டு நின்றுபோயிற்று. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதியே மக்கள் மீண்டும் வாக்களித்தனர். ஈராண்டுக்கும் மேலாக, தெருவிளக்கு அணைந்தால் கேட்பதற்கும் வடிகால் அடைபட்டால் முறையிடுவதற்கும் தெரிவு செய்யப்பட்ட ஓர் உறுப்பினர் இல்லாத நிலை இருந்தது. இவ்வளவு காத்திருந்து கிடைத்த வாக்கையும், 2018ஐவிடக் குறைந்த விகிதத்தினரே பயன்படுத்தினர் என்பது வருத்தத்திற்குரியது.

"பிரதேச சபை என்ன, வெறும் குப்பை அள்ளும் சபைதானே" என்று இகழ்ந்துரைப்போர் நம்முள் உளர். வழியில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் இவ்வாறு பேசலாமா? 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்பு மாநகரின் குப்பை, அயலிலுள்ள கொலன்னாவை எல்லைக்குள் ஆண்டுக்கணக்கில் குவிக்கப்பட்டதன் விளைவு அது. அதே ஆண்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்குக் காய்ச்சல் பீடித்தது. 400க்கும் அதிகமானோர் மரணமாயினர். நமது வீதி, சந்தை, நூலகம், மாடறுக்கும் மடுவம் யாவும் இச்சபைகளின் பொறுப்பிலேயே உள்ளன. பாராளுமன்றத்தைப் பற்றித் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் விவாதிப்பவர், தம் வட்டாரத்தின் உறுப்பினர் யாரெனக் கேட்டால் விழிக்கிறார்!

நிற்க. வாக்கு என்பது மார்க்கத்தின் பார்வையில் யாது? அது ஒரு சாட்சியம், ஒரு பரிந்துரை, ஒரு வகாலத் என மூன்று நிலைகளில் வைத்து விளக்கினார், பாகிஸ்தானின் பேரறிஞர் முஃப்தி முஹம்மத் ஷஃபீ அவர்கள். இன்னார் இப்பணிக்குத் தகுதியும் நேர்மையும் உடையவர் என்று நாம் சாட்சி கூறுகிறோம். பெற்றோருக்கும் உறவினருக்கும், ஏன் நமக்கே பாதகமாயினும் நீதியின் பக்கம் நின்று சாட்சி கூறும்படி அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. தகுதியானவர் களத்தில் இருக்க, "எனக்கெதற்கு இந்த அரசியல்" என வீட்டில் இருந்துவிடுவதும் மறைத்தலின்பாற்பட்டதே என்பது நம் கருத்து. அவ்வாறே, தகுதியில் சிறந்தவர் சிங்களவராகவோ தமிழராகவோ இருந்து, நம்மவர் என்பதைத் தவிர வேறு சிறப்பில்லாத ஒருவருக்கு வாக்களிப்போமாயின், அதனை நேர்மையான சாட்சியம் என்று எவ்வாறு கூறுவது? இது பலருக்குக் கசக்கும் என அறிவோம்.

இனி, சாட்சி கூறும் முறையைப் பார்ப்போம். பாராளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்கு அளித்துப் பழகிய நமக்கு இங்கே ஒரு மயக்கம் உண்டு. உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு கிடையாது. ஒரே ஒரு புள்ளடிதான். வாக்குச்சீட்டில் கட்சியும் சின்னமும் சுயேச்சைக் குழுவும் இருக்குமேயன்றி வேட்பாளரின் பெயர் இராது. அந்த ஒரு புள்ளடி இரண்டு பணிகளைச் செய்கிறது. முதலாவது, நமது வட்டாரத்தின் உறுப்பினரைத் தெரிவு செய்கிறது. மன்ற உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் இவ்வாறு வட்டாரங்களிலிருந்து வருகின்றனர். இரண்டாவது, அதே வாக்கு அக்கட்சி சபை முழுவதும் பெற்ற மொத்த வாக்குகளோடு சேர்ந்து, எஞ்சிய 40 சதவீத ஆசனங்களின் பங்கீட்டிற்குப் பயன்படுகிறது. அந்த ஆசனங்களில் அமர்வோரைக் கட்சியே தன் பட்டியலிலிருந்து பெயரிடுகிறது. ஆகவே, வட்டாரத்து நல்ல மனிதருக்கென நாம் இட்ட புள்ளடி, நாம் பெயரும் அறியாத ஒருவரையும் சபைக்குள் அழைத்துச் செல்லக்கூடும். இதனாலேயே வட்டார வேட்பாளரை விசாரிப்பதோடு நில்லாமல், அக்கட்சியின் பட்டியலில் உள்ளோரையும் விசாரித்தறிய வேண்டும். ஒருவரைப் பற்றி ஏதும் அறியாமலே நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நாம் துணிவோமா?

மேலும் ஒன்று. எந்தக் கட்சியும் பாதிக்கு மேல் ஆசனம் பெறாத சபைகளில், உறுப்பினர்களே வாக்களித்துத் தவிசாளரைத் தெரிவு செய்கின்றனர். அப்பொழுது பேரம் பேசப்படும். உலருணவுப் பொதியும் கூரைத் தகடும் கொடுத்து நமது வாக்கைப் பெற்றவர், அப்பேரத்தில் தமது செலவை மீட்டுக்கொள்ளவே முயல்வார். லஞ்சம் கொடுப்பவர், பெறுபவர் இருவரையும் நபியவர்கள் சபித்துள்ளார்கள். நாட்டின் தேர்தல் சட்டமும் இதனைக் குற்றமென்றே கொள்கிறது.

சில ஊர்களில் பொதியைக் கொடுத்த கையோடு குர்ஆனின் மீது சத்தியமும் வாங்கிவிடுகின்றனர். ஏழைத் தாய்மார் அச்சத்தால், தகுதியற்றவர் என அறிந்தும் அவருக்கே வாக்களிக்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது இது: அப்துர்ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களை நோக்கி, பதவியைக் கேட்டுப் பெறாதீர் என்று நபியவர்கள் கூறிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அதன் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. ஒன்றிற்காகச் சத்தியம் செய்தபின் அதனைவிடச் சிறந்த ஒன்றைக் கண்டால், சிறந்ததையே செய்து சத்தியத்திற்குப் பரிகாரம் காணுமாறு அதிலே பணிக்கப்பட்டுள்ளது. பரிகாரம் யாதெனில், ஏழைகள் பதின்மருக்கு உணவோ உடையோ அளித்தல். இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்றல். வாங்கிய பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பதவியைக் கேட்கக் கூடாதென்றால் வேட்பாளராவது எங்ஙனம் என வினவலாம். யூஸுஃப் நபி (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டதை வேட்பாளர்கள் நமக்கு நினைவூட்டுவர். நன்று, ஆனால் அவர்கள் பொருளைக் காக்கும் தன்மை, துறையறிவு என்ற இரண்டையும் முன்வைத்தே கேட்டார்கள். நம் வேட்பாளரிடமும் அவ்விரண்டையும் வினவுவோம். பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டையும் இதே கண்கொண்டு நோக்க வேண்டும். இடம் நிரப்புவதற்காகக் கடைசி நாளில் யாரோ ஒருவரின் மனைவியின் பெயரை எழுதுவது அவ்வொதுக்கீட்டின் நோக்கத்தையே குலைக்கிறது. சந்தையின் அசுத்தமும் குழாய்நீரின் குறையும் நன்கறிந்த ஆசிரியைகளும் தாய்மாரும் ஊர்தோறும் இருக்கின்றனரே!

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். எல்லா வேட்பாளரையும் ஒருசேர அழைத்து, குப்பைக்கும் வடிகாலுக்கும் என்ன செய்வீர் எனக் கேளுங்கள், அது நற்பணி. ஆனால் ஒரு சின்னத்தைக் காட்டி மஹல்லாவைக் கட்டுப்படுத்தாதீர்கள். இரகசிய வாக்கை மார்க்கத் தண்டனையின் பெயரால் மிரட்டிப் பறிப்பது முறையன்று. குடும்பத் தலைவரும் தம் மனைவி மக்களுக்கு விடயத்தை எடுத்துரைக்கலாம். அவர்களது சாட்சியத்தை அவர்களே கூறட்டும்.

இறுதியாக வாக்காளர் இடாப்பு. ஆண்டுதோறும் அது திருத்தப்படும்பொழுது கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கிழக்கில் பெண் வீட்டுக்குக் குடிபோன மாப்பிள்ளையின் பெயர் பழைய ஊரிலும் நீங்கி, புதிய ஊரிலும் சேராமல் போவதுண்டு. 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயர்களையும், அவர்களுக்குத் தேசிய அடையாள அட்டை உள்ளதா என்பதையும் பாருங்கள். முகத்திரை அணியும் சகோதரியர் வாக்குச்சாவடியில் அடையாளத்திற்காக முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும். சாட்சியத்தின் தேவைக்காக அதற்கு இடமுண்டென நம் ஃபிக்ஹ் நூல்கள் முன்னரே கூறியுள்ளன. அதற்குத் தயங்கி எவரும் வீட்டில் தங்கிவிட வேண்டியதில்லை.