மருந்துக்கு மசியாத சோகை

திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் சந்நிதியில் அமாவாசைதோறும் கூடும் ஜனத்திரளை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் வியாதியும் கரைந்து போகும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. (வெல்லத்திலுள்ள சொற்ப இரும்புச் சத்து மீன்களுக்குப் போய்ச் சேருகிறது!) தாய்மாரின் தோளில் சாய்ந்திருக்கும் குழந்தைகளின் முகத்தையும் அங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். எத்தனை வெளுப்பு!

2019-21-ம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. கீரை, பூச்சி மருந்து, இரும்புச் சத்து மாத்திரை இவற்றால் பெரும்பாலோர் தேறிவிடுவர். இவற்றுக்கு மசியாத சோகையைப் பற்றியே நாம் இங்கு சொல்ல வந்தோம்.

சில குழந்தைகளின் குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாகிறது. 1932-ல் நியூயார்க்கில் டாக்டர் கிரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த வியாதி இவ்வகையில் ஒன்று. வாரக்கணக்கில் பேதி, வயிற்று வலி, மலத்தில் ரத்தம், வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ரத்தம் துளித்துளியாகக் கசிவது ஒரு நஷ்டம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. அழற்சியின்போது கல்லீரல் 'ஹெப்ஸிடின்' என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு செல்லும் வாயிலை அது அடைத்துவிடுகிறது. தாய் வேளை தவறாமல் ஊட்டும் டானிக், பாவம், வாசலிலேயே நின்றுவிடுகிறது. சிறுகுடலின் கடைப்பகுதி புண்பட்டிருந்தாலோ, பி-12 ஜீவசத்தும் சேராமற் போகும்.

ரத்தப் பரிசோதனையும் சில சமயம் ஏமாற்றிவிடும். உடலில் இரும்பின் கையிருப்பைக் காட்டும் 'ஃபெரிட்டின்', அழற்சியினாலேயே உயர்ந்து நிற்கும். ஆகவேதான் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற எல்லையை வகுத்த உலக சுகாதார ஸ்தாபனம், அழற்சியுள்ளவர்களுக்கு 70 என்று 2020-ல் கூறியது. "இரும்பு போதுமானது" என்று சீட்டில் கண்டவுடன் நிம்மதி அடைவதற்கில்லை.

குடல் காசமும் அமீபா சீதபேதியும் இதே வேஷத்தில் வரக்கூடியவை; பிரித்தறிய உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படலாம். இரும்பு மருந்து மலத்தைக் கறுப்பாக்கும் என்பது வாஸ்தவம். சிவப்பு ரத்தத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அதைக் கண்ட தாய் அடுத்த அமாவாசை வரை காத்திருக்காமல், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ குழந்தையை எடுத்துச் செல்லட்டும். அழற்சியைத் தணித்து, அவசியமானால் ரத்தக்குழாய் வழியாக இரும்பைச் செலுத்த இன்று வழியிருக்கிறது.