பழி யார் தலையில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். முப்பது வயதுகூட நிரம்பாத பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுவிட்டால் ஊர் என்ன சொல்கிறது? மலடி என்கிறது, தலைவிதி என்கிறது, கடைசியில், பையனுக்கு வேறு பெண் பார் என்கிறது! ஆலையிலும் அடுப்படியிலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவள் ஒரே நாளில் வேண்டாதவள் ஆகிவிடுகிறாள்.

மருத்துவம் சொல்வது வேறு. நாற்பது வயதுக்கு முன்பே சூலகம் ஓய்வது ஒரு நோய். நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் என்று நெடுங்காலம் கணக்கிட்டனர். இன்றைய கணிப்பு மூவருக்கு மேல் என்கிறது. புற்றுநோய் சிகிச்சையாலும் சூலக அறுவையாலும் வரலாம். பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. ஆனால் ஒரு பகுதியினருக்கு அது பிறவியிலேயே அமைந்தது.

பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. 1938ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் விவரித்த நோய்க்கு, அவற்றில் ஒன்று இல்லாததே காரணம் என்று 1959ல் தெரிந்தது. 1991ல் அதே எக்ஸில் எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவைக் கண்டனர். அதன் ஒரு சிறு துண்டு 55 முதல் 200 தடவை வரை திரும்பத் திரும்ப வந்திருந்தால், அப்படிப்பட்ட பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நாற்பதுக்குள் மாதவிடாய் நிற்கிறது.

அந்தக் குறை தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஆணுக்கு இருப்பதோ ஒரே எக்ஸ். அதில் குறை இருந்தால் பெறும் மகள் ஒவ்வொருத்திக்கும் அதைக் கொடுத்தே தீருகிறான். தனக்கு இருப்பதை அறியாமலே கொடுக்கிறான். மீசை முறுக்குவோரே, இப்போது சொல்லுங்கள்: பழி பெண்ணுக்கு மட்டுந்தானா?

பிள்ளைப்பேறு மட்டுமல்ல பிரச்னை. ஹார்மோன் குறைந்தால் எலும்பு தேயும், இருதயம் கெடும். மருத்துவர் மேற்பார்வையில் ஏறத்தாழ ஐம்பது வயது வரை ஹார்மோன் மருந்து உண்டால், இந்தக் கேட்டைப் பெருமளவு தடுக்கலாம். அதற்கு நேர்த்திக்கடன் உதவாது. இரத்தப் பரிசோதனை உதவும்.

ஆகவே நாம் கேட்பது இது: 2022ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும், தொழிலாளி சந்தா கட்டும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் ஹார்மோன், குரோமோசோம், மரபணுச் சோதனைகள் காசின்றித் தடையின்றிக் கிடைக்க வேண்டும். நோய் கண்டவளின் அக்காள் தங்கைக்கும் அவை கிடைக்க வேண்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மூன்று மாதம் மாதவிடாய் வராத மனைவியை, மகளை, தங்கையை ஏச வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மலடி என்ற சொல்லை நம் வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள்!