ராத்திரி பத்து மணிக்கு மாறும் டூட்டி

என் பேத்தி பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, போன ஆடி மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்; செங்கல்பட்டுப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா வெளியூரில் இருப்பதால் புதுப்பட்டினத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய் வருகிறாள்.

வாரா வாரம் டூட்டி லிஸ்ட் ஒட்டுவார்கள். அதை போனில் படம் பிடித்து வருவாள். பாட்டி அதைப் பார்த்து தினசரி காலண்டரில் கா, ம, இ என்று குறித்து வைப்பாள். புதன்கிழமைக்குள் அது அடித்தல் திருத்தலாக, கணக்கு வராத பையனின் நோட்டு மாதிரி ஆகிவிடும். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: நாளை ஆஃப் இல்லை, காலை டூட்டிக்கு வரவும். சில நாள் பஸ் ஏறிய பிறகு வரும்: இப்போது வர வேண்டாம், நைட் வரவும்.

ஒரு வியாழக்கிழமை பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன். கூட இருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் முன்பே சொல்லி ஆஃப் வாங்கியிருந்தாள். முந்தின நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு மெசேஜ் வந்துவிட்டது. காலையில் அழுதுகொண்டே கிளம்பினாள். அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "புதுசுதானே கண்ணு, முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்றேன். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறோம். அது தப்பு என்று எனக்குத் தெரிய இன்னும் மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மதிய டூட்டி முடித்து இரவு பத்தேகாலுக்கு வீடு வந்தாள். மறுநாள் மதியம்தான் டூட்டி என்று லிஸ்டில் இருந்தது. ஆனால் விடிகாலை ஐந்தேகால் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தின இரண்டு நாளும் அதே கதை. வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள், அடுத்தடுத்த கட்டிலில். இன்சுலின் ஊசியோடு கட்டில் மாறி நின்றிருக்கிறாள். அந்தப் பெரியவர், "எனக்குச் சர்க்கரையே கிடையாதேம்மா" என்று சொன்னதால் தப்பித்தது. அவர் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தால்? இவளே போய் இன்சார்ஜ் சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று ராத்திரி அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்தக் கட்டிலில் படுத்திருப்பது என்னையும் உங்களையும் போன்ற ஆள்தான்.

நான் இங்கே அணுமின் நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்தவன். ரிலீவர் வந்து பொறுப்பை ஏற்கும் வரை எழுந்து வர முடியாது என்பது அந்த வேலையின் தன்மை. ஆகவே டூட்டியே மாறக் கூடாது என்று சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஃப். கடல் டவுன்ஷிப்புக்குள் வந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் ஹவுஸில் கடல் நீர் ஏறியதும் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அன்று யாரும் எனக்கு போன் செய்யவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நானாகப் போனேன். நிஜமான அவசரம் என்றால் ஆள் தானாக வரும். வாரத்தில் மூன்று நாள் வருவதற்கு அவசரம் என்று பெயர் வைக்கலாமா?

நாங்கள் வேலை பார்த்த காலத்தில் 1948-ஆம் வருடத்து தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. எந்தக் குழுவுக்கு எந்த நாள் எந்த நேரம் வேலை என்று எழுதி ஒட்ட வேண்டும். அந்த முறையை மாற்றுவதானால் முன்கூட்டியே இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு முறை மாற்றினால், அவர் அனுமதி இல்லாமல் ஒரு வாரத்துக்குள் மறுபடி மாற்றக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆஸ்பத்திரி ஃபாக்டரி ஆகாது. ஆகவே பஞ்சாலையில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிறவருக்கு அந்தச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு, ஊசி போடுகிற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

இதை யாரும் யோசிக்காமலும் இல்லை. 1977-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு செவிலியர்களுக்கென்று தனியாக ஒரு உடன்படிக்கையும் ஒரு பரிந்துரையும் கொண்டுவந்தது. அந்தப் பரிந்துரையில், குடும்ப வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொள்ளும்படி வேலை அட்டவணையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், விசேஷ அவசரத்தில் மட்டுமே அதை மாற்றலாம் என்று இருக்கிறது. நம் நாட்டிலும் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, தனியார் ஆஸ்பத்திரி செவிலியர்களின் வேலை நேரம், விடுப்பு, போக்குவரத்து எல்லாம் அரசுச் செவிலியர்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. பேத்தியின் சம்பளச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு வாய் திறக்கப் பயம். அரசு வேலை மட்டும் என்ன? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நூற்றுக்கணக்கான ஒப்பந்தச் செவிலியர்கள் உட்கார்ந்து போராடியதை டிவியில் பார்த்தோமே. அவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ஒப்பந்தத்தில் இருக்கிறவள், பயிற்சிக் காலத்தில் இருக்கிறவள், இவர்களுக்குத்தான் ராத்திரி மெசேஜ் முதலில் போகும். மறுக்க மாட்டாள் என்று தெரியும். ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். அது மழை வெள்ளம் மாதிரி வானத்திலிருந்து வருவதா? கூட இரண்டு பேரை வைத்துக்கொண்டால் சம்பளம் தர வேண்டும். புதுப் பெண்ணைக் கூப்பிட்டால் ஒரு மெசேஜோடு போயிற்று. கேட்டால் இது சேவை, தியாகம் என்பார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலில் தூக்கம். ஷிஃப்ட் காலத்தில் பாட்டி எனக்குச் செய்ததையெல்லாம் இப்போது பேத்திக்குச் செய்கிறோம். ஜன்னலில் கெட்டியான கறுப்புப் போர்வை. காலிங் பெல் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். நைட் முடித்து வந்தால் இரண்டு இட்லி, அவ்வளவுதான். சாம்பார் சாதம் போட்டு உபசரித்தால் வயிறு தூங்க விடாது. விடிகாலை மூன்று மணிக்கு மேல் காபி கூடாது என்று நானே சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் ஒருவருக்கு ஷிஃப்ட் என்றால் வீட்டுக்கே ஷிஃப்ட்தான்.

இரண்டாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. கன்ட்ரோல் ரூமில் லாக் புத்தகம் எழுதிய கை இல்லையா? தேதி, லிஸ்டில் இருந்த டூட்டி, உண்மையில் பார்த்த டூட்டி, மாற்றம் எத்தனை மணிக்கு வந்தது, நடுவில் ஓய்வு எத்தனை மணி நேரம். புகார் ஒரு வரி கூட எழுதக் கூடாது என்று சொன்னேன். 40 நாளில் 16 நாள் மாறியிருந்தது. அதில் ஏழு முறை எட்டு மணி நேர ஓய்வு கூட இல்லை.

அதை எடுத்துக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனாள். திட்டு விழும் என்று நினைத்தாளாம். அந்த அம்மாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னோடதை எழுதினா இதைவிட மோசமா இருக்கும்" என்றாராம். ஒரே மாதத்தில் மூன்று பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். அவரும் டபுள் டூட்டிதான். நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மேலே கொடுத்திருக்கிறார்.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெசேஜ் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். இதுவரை இரண்டு முறை மீறியிருக்கிறார்கள். மதிய டூட்டி முடித்தவளை மறுநாள் காலைக்குக் கூப்பிடுவது நின்றிருக்கிறது. போன ஆஃபுக்கு மாற்று ஆஃப் பாதிதான் கிடைக்கிறது. ஆள் இன்னும் எடுக்கவில்லை. பேத்தி மட்டும் கொஞ்சம் தேறியிருக்கிறாள். போன வாரம், "ரெண்டு நாள் நைட் முடிச்சிருக்கேன் சிஸ்டர், இன்னிக்கு வந்தா ஊசி போட மாட்டேன், பிபி மட்டும் பார்க்கிறேன்" என்று போனில் சொன்னது என் காதில் விழுந்தது. வேறு யாரையோ பார்த்துக்கொண்டார்கள்.

இன்று அவளுக்கு நைட் முடிந்தது. நாளை மதியம் என்று காலண்டரில் இருக்கிறது, இன்னும் அடிக்கவில்லை. சாயங்காலம் நாலு மணி வரை எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாது. பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து கேட்டைத் தட்டாமல் எனக்கு போன் செய்யுங்கள்.